குதிரைக்கும் பசிக்கும்: வாசகர் கேள்வி பதில்

இடைக்கால ஐரோப்பாவின் சாயலில் அமைந்த ஒரு மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவலை நான்கு இரவுகளில் படித்து முடித்ததைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். குளிர்காலம், முற்றுகையிடப்பட்ட ஒரு கோட்டை, காயங்களைக் கைதொட்டு ஆற்றும் ஒரு மருத்துவச்சி என்று கதையை ஒரே வரியில் சொல்லி நிறுத்திக்கொண்டேன். வழக்கத்தைவிட மிகுதியாகக் கடிதங்கள் வந்துவிட்டன. பாதிப் பேர் நூலின் பெயரைக் கேட்கிறார்கள். மீதிப் பேர் இந்த வயதில் உங்களுக்கு இது தேவையா என்று கேட்கிறார்கள். பெயரைச் சொன்னால் இப்பகுதி மதிப்புரையாக மாறிவிடும். ஆகவே, இத்தகைய நாவலை எப்படிச் சுவைப்பது என்பதைத் தொட்ட கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். உண்மையான இடைக்காலத்தைப் பற்றி நல்ல நூல்கள் எத்தனையோ இருக்க, டிராகனும் மந்திரக்கோலும் கலந்த போலி இடைக்காலத்தை வளர்ந்தவர்கள் ஏன் படிக்க வேண்டும்? இது சிறுவர்களுக்கான சரக்கு அல்லவா?

பதில்: ஐயா, போலி இடைக்காலத்தை முதலில் உண்டாக்கியவர்கள் இடைக்காலத்து மக்களே. மான்மத் ஊர் ஜெஃப்ரி என்னும் மதகுரு 1136ஆம் ஆண்டையொட்டி இலத்தீனில் எழுதிய பிரிட்டானிய அரசர் வரலாற்றில் ஆர்தர் அரசரும் மந்திரவாதி மெர்லினும் வருகிறார்கள். படித்தவர்களில் பலர் அதை வரலாறென்றே நம்பினார்கள். அந்நூற்றாண்டின் பிற்பாதியில் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியன் த த்ரோயா அதே அரசவையைக் களமாகக் கொண்டு காதலும் சாகசமும் கலந்த செய்யுட்கதைகளைப் புனைந்தார். தாமஸ் மாலரி தம் ஆர்தர் கதைகளைச் சிறையிலிருந்தபடி எழுதினார். அவை 1485இல் வில்லியம் கேக்ஸ்டனின் அச்சகத்திலிருந்து நூலாக வெளிவந்தன. அதே ஆண்டில்தான் போஸ்வொர்த் களத்தில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் வெட்டுண்டு மாண்டார். வெளியே கவசமணிந்த பிரபுக்கள் அரியணைக்காக ஒருவரையொருவர் கொன்று தீர்த்துக்கொண்டிருந்த காலத்தில், உள்ளே ஒரு கைதி, வாக்குத் தவறாத பிரபுக்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த ஒரு பொற்காலத்தையும் அது குலைந்த விதத்தையும் கற்பனை செய்துகொண்டிருந்தார். ஏங்குவதற்கு ஒரு பழங்காலம் வேண்டும் என்னும் தேவை பழங்காலத்தவருக்கும் இருந்திருக்கிறது.

சிறுவர் சரக்கு என்ற குற்றச்சாட்டுக்கு, 'ஹாபிட்' நாவலை எழுதிய பேராசிரியர் டோல்கீன் 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் ஒரு விடை இருக்கிறது. வீட்டில் பழசாகிப்போன மேசை நாற்காலிகளைச் சிறுவர்களின் அறைக்குள் தள்ளிவிடுவதைப் போலவே, பெரியவர்களுக்கு அலுத்துப்போன மாயக்கதைகளும் அந்த அறைக்குள் தள்ளப்பட்டன என்றார் அவர். நாற்காலி சிறுவர் அறையில் கிடப்பதால் அது சிறுவர்களுக்காகச் செய்யப்பட்டது என்று ஆகிவிடாது.

வரலாற்று நூலுக்கு மாற்றாக இதைப் படியுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரலாறு தர முடியாத ஒன்றை இது தருகிறது. போஸ்வொர்த்தில் யார் வெல்வார் என்பது தங்களுக்கும் எனக்கும் தெரியும். தெரிந்தபடியேதான் அந்தப் பக்கங்களைப் புரட்டுகிறோம். அந்தக் காலைப்பொழுதில் களத்தில் நின்றவனுக்கு அது தெரியாது. கற்பித நாட்டின் முற்றுகையைப் படிக்கும்போது, கோட்டைக்குள் அடைபட்டிருப்பவர்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். வரலாறு கற்ற ஒருவருக்கு அந்த அறியாமை வேறெங்கும் எளிதில் கிடைக்காது. தங்களைப் போன்றவர்களே இதைக் கூடுதலாக அனுபவிக்க முடியும் என்பது என் எண்ணம்.

கேள்வி: இத்தகைய நாவல்களை மூன்று முறை தொடங்கி, ஐம்பதாம் பக்கத்தைத் தாண்ட முடியாமல் வைத்துவிட்டேன். முதலில் ஒரு வரைபடம், பிறகு குலமரபுப் பட்டியல், பிறகு வாயில் நுழையாத பெயர்கள். குறிப்பேடு வைத்துக்கொண்டு படிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். குறிப்பேட்டை எடுத்த கணமே நாவல் பாடநூலாகிவிடும். புதிய அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் எத்தனை பேரின் பெயர் உங்கள் நினைவில் நின்றது? ஆனால் யார் யாருக்கு அஞ்சுகிறார், யார் பேசினால் அறை அமைதியாகிறது என்பது மூன்றாம் நாளிலேயே பிடிபட்டிருக்கும். நாவலுக்குள்ளும் அப்படியே நுழையுங்கள். பெயர்கள் காதில் விழட்டும், நிற்பவை நிற்கட்டும், உதிர்பவை உதிரட்டும். முக்கியமானவரை ஆசிரியர் மறுபடியும் அழைத்து வருவார். அழைத்து வராதவர் முக்கியமானவர் அல்லர்.

வரைபடத்தைத் தொடக்கத்தில் பார்ப்பதால் பயனில்லை. கதைமாந்தர் வழி தவறும் இடத்தில் திருப்பிப் பாருங்கள். அப்போதுதான் அந்த மலைத்தொடர் வெறும் கோடாக இராது. எண்பது பக்கங்களுக்குப் பிறகும் நான்கு பேர் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களோடு உங்களைக் குழப்பிக்கொண்டிருந்தால், குறை ஆசிரியருடையது. குற்ற உணர்ச்சியின்றி மூடிவிடுங்கள்.

கேள்வி: ஒரே மாதிரி அட்டையுடன் வரிசையாக நிற்கும் இந்நாவல்களில் நன்றாக எழுதப்பட்டது எது, பார்த்தெழுதியது எது என்பதைச் சில அத்தியாயங்களிலேயே கண்டுகொள்ள வழி உண்டா?

பதில்: நான் முதலில் குதிரையைத் தேடுவேன். நாயகன் ஏறியமர்ந்த குதிரை பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நாலுகால் பாய்ச்சலில் ஓடி, மறுநாள் காலையில் அலுப்பின்றி மறுபடியும் ஓடத் தொடங்கினால் அது குதிரையன்று, மோட்டார் சைக்கிள். உண்மைக் குதிரை முழுப் பாய்ச்சலைச் சில கிலோமீட்டர் தூரத்துக்கே தாங்கும். நடையும் மெல்லோட்டமுமாக நல்ல பாதையில் அது ஒரு நாளில் கடக்கும் தொலைவு 40 முதல் 50 கிலோமீட்டர். அதற்கு அன்றைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். மேய்வதற்குப் பல மணி நேரம் வேண்டும். கடினமாக வேலை வாங்குவதானால் புல்லோடு தானியமும் வேண்டும். லாடம் கழன்றால் கொல்லன் வேண்டும். இவற்றையெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் போதும், பயணத்தின் நாட்கணக்கிலேயே அது வெளிப்பட்டுவிடும். இரண்டு நாள் பிந்தி வரும் தூதன், அந்த இரண்டு நாளில் பழைய செய்தியை நம்பிப் படையைத் தவறான திசையில் நடத்திவிட்ட தளபதி என்று கதையின் முடிச்சுகளே தொலைவிலிருந்து பிறக்கும்.

இரும்பையும் இப்படியே சோதிக்கலாம். தூக்க முடியாத வாளைத் தூக்கி வீசும் வீரனைக் கண்டால் ஆசிரியர் வாளைப் பற்றிப் படித்ததில்லை என்று பொருள். ஒரு கையால் பிடிக்கும் இடைக்கால வாளின் எடை பெரும்பாலும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பதினைந்தாம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோ வரை இருந்தது. ஆனால் அந்தச் சுமை உடல் முழுவதும் பரவியிருந்ததால், அணிந்தவன் ஓடவும் விழுந்தெழவும் பிறர் உதவியின்றிக் குதிரையேறவும் முடிந்தது. அவனைத் தளரச் செய்தவை வெப்பமும், மூச்சு முட்டும் தலைக்கவசமும், சேறும் ஆகும். அஜின்கோர்ட் போரில் 1415இல் ஆங்கிலேயரிடம் பிரெஞ்சுப் பிரபுக்கள் பட்ட பாட்டில் மழையில் ஊறிய உழுநிலத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நல்ல நாவலாசிரியர் தம் கற்பிதப் போரிலும் முந்தைய இரவு மழை பெய்ததா என்பதைத் தெரிந்து வைத்திருப்பார்.

கோட்டைகளும் இரவோடிரவாக முளைப்பதில்லை. பிரான்சில் கெதெலோன் என்னுமிடத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கருவிகளையும் முறைகளையும் மட்டும் கொண்டு ஒரு கோட்டையை 1997இல் கட்டத் தொடங்கினார்கள். கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் அங்கே உளியோசை ஓயவில்லை. கல் வெட்டுவது, சுண்ணாம்பு சுடுவது, கயிறு திரிப்பது, ஓடு சுடுவது, வண்டி மாடுகளைப் பேணுவது என்று எல்லாம் சேர்ந்துதான் ஒரு மதில் எழுகிறது. அந்த மதிலைத் தகர்க்கும் பொறிக்கும் இதே உழைப்பு தேவைப்பட்டது. ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டையை 1304இல் முற்றுகையிட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட், 'போர் ஓநாய்' என்று பெயரிட்டுப் பெரியதொரு கல்லெறி பொறியைச் செய்வித்தார். கோட்டைக்குள் இருந்தவர்கள் சரணடைய முன்வந்தபோதும் அவர் ஏற்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுச் செய்த பொறியை ஒரு முறையேனும் எய்து பார்த்த பிறகே சரணை ஏற்றுக்கொண்டார். எந்த நாவலாசிரியரும் பொறாமைப்பட வேண்டிய செய்தி இது. அரசனின் கொடூரமும் சிறுபிள்ளைத்தனமும் தச்சர்களின் பல வார உழைப்பும் ஒரே கல்லில் ஏறிப் பறக்கின்றன.

மாயத்தின் பக்கம் வருவோம். சென்ற இதழில் நான் குறிப்பிட்ட நாவலின் மருத்துவச்சி ஒரு காயத்தை ஆற்றும்போது அவளுடைய உடல்வெப்பம் அந்தக் காயத்துக்குள் இறங்கிவிடுகிறது. ஒருவனைப் பிழைக்க வைத்தால் அன்றிரவு முழுவதும் அவள் பெரிய நெருப்பின் அருகே கிடந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவள் பிழைக்க மாட்டாள். கோடைக்காலக் கதையாக இருந்தால் இதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆனால் கோட்டை பனியில் முற்றுகைக்குள்ளாகியிருக்கிறது. கிடங்கில் விறகு குறைந்துகொண்டே வருகிறது. அதே விறகில்தான் முந்நூறு பேருக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும். கிடங்கின் சாவியை வைத்திருப்பவள் ஒரு கிழவி. அவள் தீயவள் அல்லள். அவளுக்குக் கூட்டிக் கழிக்கத் தெரியும், அதுதான் சிக்கல். ஒரு வில்லாளனின் தொடைக்காயமும் முந்நூறு பேரின் ஒருவேளைக் கஞ்சியும் அவள் முன் எடைக்கு வருகின்றன. மருத்துவச்சி விறகு கேட்டு வாயிலில் நிற்கிறாள். கிழவி பதில் சொல்லாமல் அடுக்கிலிருந்து கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்க்கிறாள், எது ஈரம், எது உலர்ந்தது என்று. ஈரக் கட்டைகளைப் பிரித்து அவள் கையில் கொடுக்கிறாள். புகையும், ஆனால் எரியும். அந்த அத்தியாயத்தில் வாளும் இல்லை, டிராகனும் இல்லை. நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

படிப்பவர் தம் ஐயத்தை விரும்பியே தள்ளி வைக்கிறார் என்று கவிஞர் கோல்ரிட்ஜ் 1817இல் எழுதிய விளக்கத்தைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். டோல்கீனுக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. ஐயத்தை முயன்று தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது என்றால் கலை அங்கே ஏற்கெனவே தோற்றுவிட்டது, வெற்றி பெற்ற கதைக்குள் இருக்கும்வரை நாம் அதை நம்பவே செய்கிறோம் என்பது அவருடைய வாதம். விறகுக் கிடங்கின் வாயிலில் நின்ற எனக்கு அவர் சொன்னது சரியென்று பட்டது. கைதொட்டுக் காயம் ஆற முடியுமா என்ற கேள்வி அங்கே எழவில்லை. விறகு கிடைக்குமா என்ற கேள்விதான் எழுந்தது. மாயத்துக்கு விலை வைத்து, அந்த விலையை அடுப்படியிலிருந்து எடுக்க வைத்தபோது நாவலாசிரியர் என்னை முழுவதுமாக உள்ளே இழுத்துவிட்டார். விலையில்லாத மாயம் வரும் நாவல்களில் எனக்கு இருபதாம் பக்கத்திலேயே கொட்டாவி வருகிறது. நாயகன் இக்கட்டில் மாட்டும்போதெல்லாம் புதியதொரு மந்திரம் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு, அவனுக்காகக் கவலைப்பட நான் யார்?

கேள்வி: இந்நாவல்களில் மாந்தர் ஏன் மேடை நாடகத்தில் பேசுவதைப் போலப் பேசுகிறார்கள்? இயல்பாகப் பேசினால் குடியா முழுகிவிடும்?

பதில்: குடி முழுகாது, ஆனால் நாடு முழுகிவிடக்கூடும். எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1973இல் எழுதிய ஒரு கட்டுரையில் சிறு சோதனையொன்றைச் செய்து காட்டினார். அக்காலத்து மிகுபுனைவு நாவல் ஒன்றிலிருந்து ஓர் உரையாடலை எடுத்து, பெயர்கள் போன்ற நான்கைந்து சொற்களை மட்டும் மாற்றினார். மாயநாட்டுப் பிரபுக்களின் பேச்சு, வாஷிங்டன் அரசியல்வாதிகள் தாழ்வாரத்தில் நின்று பேசும் பேச்சாக அப்படியே மாறிவிட்டது. அந்த மாந்தர் பேசிய மொழிக்கும் அவர்கள் வாழ்ந்த நாட்டுக்கும் உறவே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அதற்காகப் பழஞ்சொற்களை அள்ளித் தெளிப்பதும் உதவாது. ஆங்கில மிகுபுனைவுகளில் முன்னிலைக்குப் பழைய 'தவ்' என்னும் சொல்லைப் போட்டால் கம்பீரம் வந்துவிடுவதாகச் சிலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது நம் 'நீ'. இன்று எல்லாருக்கும் வழங்கும் 'யூ' தான் அன்றைய 'நீங்கள்'. நண்பனையும் பிள்ளையையும் வேலையாளையும் அழைத்த சொல் 'தவ்'. அரசனிடம் ஓர் அமைச்சன் அப்படிப் பேசியிருந்தால் அவை திடுக்கிட்டிருக்கும். இது தெரியாமல் எழுதப்பட்ட அரசவைக் காட்சியில், பணிவோடு மண்டியிட்டவன் வாயைத் திறந்ததும் மன்னனை ஒருமையில் விளிக்கிறான். நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று நான்கு படிகளில் மரியாதையை ஏற்றி இறக்கத் தெரிந்த மொழியில் வளர்ந்த நமக்கு இந்த வேடிக்கையை விளக்க வேண்டியதில்லை. இந்நாவல்களைத் தமிழாக்குபவர்கள் அந்தப் படிகளைப் பயன்படுத்திக்கொண்டால் மூலத்தில் இல்லாத நயம்கூடக் கிடைக்கும்: முற்றுகை தொடங்கும்போது 'தாங்கள்' என்றவன், விறகு தீர்ந்த இரவில் 'நீர்' என்று இறங்குவதில் ஓர் ஆட்சியின் சரிவே தெரிந்துவிடாதா?

நான் விரும்பும் நடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சொற்கள் எளியவை, ஆனால் உவமைகள் அந்த உலகத்துக்குள்ளிருந்து வருகின்றன. கடிகாரம் இல்லாத நாட்டில் யாரும் 'ஒரு நிமிடம் பொறு' என்று சொல்வதில்லை; மெழுகுத்திரி ஒரு விரல் உருகும் நேரம் என்கிறார்கள். வெடிமருந்து அறியாத நாட்டில் செய்தி எதுவும் குண்டாக வெடிப்பதில்லை. இப்படி ஒரு பக்கத்தில் இரண்டு இடங்களைக் கண்டால், ஆசிரியர் அந்த உலகத்தில் குடியிருந்து எழுதியிருக்கிறார் என்று கொள்ளலாம்.

கேள்வி: அண்மையில் படித்த ஒரு நாவலில் இடைக்காலக் குடியானவர்கள் உருளைக்கிழங்கு சாப்பிடுகிறார்கள். 1492க்கு முன்பு ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு ஏது? அதோடு எனக்கு நூலே கசந்துவிட்டது.

பதில்: அது ஐரோப்பா அன்று, இரண்டு நிலவுகள் காயும் வேறோர் உலகம் என்று ஆசிரியர் தப்பித்துக்கொள்ளலாம்; சட்டப்படி அவர் பக்கம் நியாயமும் உண்டு. ஆனாலும் உங்கள் கசப்பில் அர்த்தம் இருக்கிறது. டோல்கீன்கூட இந்தச் சங்கடத்தில் மாட்டியிருக்கிறார். 1937இல் வெளிவந்த 'ஹாபிட்' நாவலில் விருந்தினர் கேட்கும் உணவில் தக்காளி இருந்தது. 1966ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை நீக்கிவிட்டு ஊறுகாயை வைத்தார். ஆனால் உருளைக்கிழங்கையும் புகையிலையையும் அவர் தம் குறுமனிதர்களிடமிருந்து பறிக்க மனம் கொள்ளவில்லை. எழுத்தாளருக்கும் சில பலவீனங்கள் இருக்கட்டுமே. என் அளவில், கிழங்கு வந்தது குற்றமன்று, அது எந்த நிலத்தில் விளைந்து யார் முதுகில் ஏறி வந்தது என்று ஆசிரியருக்குத் தெரியாவிட்டால்தான் குற்றம்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். பக்கத்துக்குப் பக்கம் வன்கொடுமை, அழுக்கு, கொலை. கேட்டால் 'இடைக்காலம் அப்படித்தான் இருந்தது' என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா? பெண்கள் வெறும் பகடைக்காய்கள்தானா?

பதில்: கொடுமை இருந்தது, அதை மறைத்தெழுதும் நாவலை நானும் நம்ப மாட்டேன். 1347க்கும் 1351க்கும் இடையில் பரவிய கொள்ளைநோய் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வாரிக்கொண்டு போயிற்று. ஆனால் அழுக்கும் இரத்தமும் மட்டுமே இடைக்காலம் என்பவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரிஸில் குளியல்வீடு நடத்துவோருக்கென்று தொழிற்குழுவும் விதிமுறைகளும் இருந்தன. ஞாயிறுகள் போக, திருநாள்கள் என்று ஓய்வு நாள்கள் நிறையவே இருந்தன. ஊருக்கு ஊர் வழக்காடும் மன்றங்கள் இருந்தன. அடுத்தவன் மாடு தன் வயலில் மேய்ந்ததற்குக்கூட வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். இந்தச் சச்சரவுகளும் சிரிப்பும் இல்லாத கொடுமை, உப்பில்லாத பண்டம்.

பெண்களைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்கிறேன். 1120இல் 'வெள்ளைக் கப்பல்' மூழ்கி, இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியின் முறைப்படிப் பிறந்த ஒரே மகன் இறந்தான். மன்னர் தம் மகள் மட்டில்டாவை வாரிசாக ஏற்கும்படி பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார். 1135இல் மன்னர் கண்மூடியதும் அவருடைய சகோதரி மகன் ஸ்டீபன் முந்திக்கொண்டு முடிசூடிக்கொண்டார். நெடிய உள்நாட்டுப் போர் மூண்டது. 1142ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் ஆக்ஸ்ஃபோர்ட் கோட்டையில் முற்றுகைக்குள்ளான மட்டில்டா, பனியோடு பனியாகத் தெரியும்படி வெண்ணிறத் துணி போர்த்துக்கொண்டு, உறைந்து கிடந்த ஆற்றைக் கடந்து இரவில் தப்பினார். முடி அவருக்குக் கிட்டவில்லை; ஆனால் அவர் மகன் இரண்டாம் ஹென்றியாக அரியணை ஏறினார். மற்றொருவர் கிறிஸ்டீன் த பிசான். இருபத்தைந்து வயதில் கணவனை இழந்து, பிள்ளைகளையும் தாயையும் காப்பாற்ற எழுத்தையே தொழிலாகக் கொண்டார். பெண்களை இழித்தெழுதிய ஆண் புலவர்களுக்கு 1405இல் ஒரு முழு நூலாலேயே பதில் கொடுத்தார். இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா சாசனத்தில், கைம்பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக மறுமணம் செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அப்படி ஒரு விதி எழுத வேண்டியிருந்ததிலிருந்து நிலைமையையும் அறியலாம், அதை எழுத வைக்க முடிந்ததிலிருந்து எதிர்ப்பையும் அறியலாம். நல்ல நாவலாசிரியர் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான் தம் நாயகியை நிறுத்துவார். உங்கள் நண்பர்கள் வரலாற்றைத் துணைக்கழைத்தால், நீங்களும் வரலாற்றோடு போய் நில்லுங்கள்.

கேள்வி: ஏழு பாகம் என்று அறிவித்த தொடரில் மூன்று பாகங்களே வந்துள்ளன. தொடங்கலாமா, முடியும்வரை காத்திருக்கலாமா?

பதில்: முதல் பாகத்தில் ஏதேனும் ஒரு கதை முடிகிறதா என்று படித்தவரிடம் கேளுங்கள். முடிகிறதென்றால் தொடங்குங்கள். எல்லாக் கதவுகளையும் திறந்து போட்டுவிட்டு ஆசிரியர் அடுத்த பாகத்துக்குப் போயிருக்கிறார் என்றால் காத்திருங்கள். எத்தனை கதவு திறந்தோம் என்று அவருக்கே நினைவிருக்கிறதா என்பது பிறகுதான் தெரியும்.

கேள்வி: போர்க்களக் காட்சிகள் வந்தால் பக்கங்களைத் தள்ளிவிட்டு, யார் பிழைத்தார்கள் என்று மட்டும் பார்க்கிறேன். இது குற்றமா?

பதில்: பெரும்பாலான போர்க்காட்சிகள் அந்தத் தண்டனைக்கு உரியவையே. இடப்பக்கப் படை சுற்றி வளைத்தது, வலப்பக்கப் படை பின்வாங்கியது என்று பருந்துப் பார்வையில் நாற்பது பக்கம் எழுதுகிறார்கள். களத்தில் நிற்பவனுக்குப் பருந்தின் கண் இல்லை. தலைக்கவசத்தின் இடுக்கில் தெரியும் ஒரு விரற்கடை உலகமும், தன் மூச்சிரைப்பும், அருகில் நின்றவன் இன்னும் நிற்கிறானா என்ற ஐயமும் மட்டுமே அவனுக்கு உண்டு. இப்படி எழுதத் தெரிந்தவரின் போர் ஐந்தாறு பக்கத்துக்கு மேல் நீளாது. நீண்டால் அவருக்கே தாங்காது.

ஆகவே தள்ளுங்கள், ஆனால் முதல் பத்தியைப் படித்துவிட்டுத் தள்ளுங்கள். நான் படித்த அந்த முற்றுகை நாவலில் இறுதிப் போர் அரைப் பக்கம்தான். அதுவும் களத்தில் நடக்கவில்லை. கொட்டிலில் வேலை பார்க்கும் ஒரு சிறுவன் மதிலுக்கு வெளியே எழும் இரைச்சலைக் கேட்டபடி தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்கிறான். பொழுது சாயும் வேளையில் சாம்பல்நிறக் குதிரை தானாகவே திரும்பி வருகிறது. அவன் அதன் வாயிலிருந்து கடிவாளத்தைக் கழற்றுகிறான். அது தொட்டியில் தலையை விட்டு நெடுநேரம் குடிக்கிறது. அது குடித்து முடித்த பிறகே சேணத்தில் ஆளில்லை என்பதை அவன் பார்க்கிறான்.